கழித்தல்

பதினாறு திருகாணிகள்.
முட்டை அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாய் இட்டு
கழற்றிய வரிசைக்கு எண் எழுதினேன்.
ஏழாவது இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒன்பது வருடம் கூத்தாநல்லூர் நிக்காஹ் வீடுகளில்
பெண்கள் பக்கம் நின்ற கேமரா.
மருதாணிக் கை, ஒரு சகனைச் சுற்றி நாலு பேர்,
பெண்ணைவிட அதிகம் அழுகிற சின்னம்மா,
எல்லாம் பார்த்த சென்சாரின் மேல்
வெளிர்நீலத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு.
தோலைத் தோலாகக் காட்டுவதற்கு
சிவப்பில் பாதியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது.
அதைத்தான் நெம்பி எடுத்தேன்,
சவர பிளேடால்.

குளிர்ச்சிக்கு
நிஜாமுதீன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கார் ஃப்ரிட்ஜ்.
எங்களிடம் கார் இல்லை.
அதன் வயிற்றில் பிஸ்கட் மாதிரி ஒரு வெள்ளைத் தகடு:
மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் உறையும்,
மறுமுகம் கொதிக்கும்.
பட்டறை சிங்காரவடிவேல்
செம்புத் துண்டை விரல் கனத்துக்கு அறுத்துத் தந்தார்.
“என்னத்துக்கும்மா இது?”
“கேமராவுக்குச் சளி பிடிக்க வைக்கணும்.”
சிரிக்கவில்லை. முப்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மார்கழி, மொட்டைமாடி.
முதல் ராத்திரி சைபருக்குக் கீழே நாலு டிகிரி.
சம்பா வயல்களிலிருந்து ஏறிய ஈரம்
நேரே அதைத் தேடிவந்து உட்கார்ந்தது.
படத்தில் உறைபனி பூத்திருந்தது,
நட்சத்திரம் ஒன்றுமில்லை.
இந்தப் பக்கத்தில் எதைக் குளிரவைத்தாலும்
தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.
செருப்புக் கடைகளில் சிலிக்கா பொட்டலம் கேட்டு வாங்கினேன்.
தோசைக்கல்லில் வறுத்து உள்ளே வைத்தேன்.
சந்துகளுக்கெல்லாம் எம்சீல்.

பகலில் சோதித்துப் பார்க்க
கொடியில் காய்ந்த என் புர்காவை எடுத்தேன்.
திரையில் அது
நாவல்பழத்தைக் கசக்கிய நிறம்.
பின்னால் தென்னை, ரோஜா ஓலைகளோடு.
கறுப்பு என்று நம்பித்
தனியாகத் துவைத்துக்கொண்டிருந்த துணி
இவ்வளவு காலமும் இதையும் வெளியே விட்டிருக்கிறது,
பார்க்க ஆளில்லாமல்.

குளத்தோர உயர்கோபுர விளக்கு விடியவிடியக் கொட்டும்.
அதற்குத்தான் ஃபில்டர்:
ஹைட்ரஜனின் ஒரே ஒரு சிவப்பை உள்ளே விட்டு
பாக்கி ஊரை வெளியே நிறுத்துவது.
விலையை யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டு வலீமா, ஒரு காதுகுத்து,
மாமியிடம் கைமாற்று மூவாயிரம்.

பதினோராம் ராத்திரி
திருவாதிரைக்குத் தெற்கே, மூன்று நட்சத்திர வரிசை ஓரம்.
பூமி ஓடுவதற்கு எதிர்ப்பக்கம்
நத்தையாய்த் திரும்பும் தட்டின் மேல் கேமரா.
ஐந்து நிமிடம். மறுபடி ஐந்து நிமிடம்.
காற்றாடியின் முனகல், எங்கோ ஒரு பம்ப்செட்.
பிறகு மூடி போட்டும் எடுக்க வேண்டும்:
அதே குளிரில், அதே நேரத்துக்கு,
வெறும் இருட்டை.
சென்சார் தானாகக் கற்பித்துக்கொள்ளும் புள்ளிகள்
அதில்தான் பிடிபடும்.
எடுத்ததிலிருந்து அதைக் கழித்தால்
மிஞ்சுவது வானம்.

அந்த நேரம் பார்த்து போன். அங்கே பதினொன்றரை.
“அடுத்த மாசம் வர்றேன். பழைய மாருதி ஒண்ணு
சொல்லி வச்சிருக்கேன்.
அந்த ஃப்ரிட்ஜைத் துடைச்சு வை.”
மூடி போட்டிருக்கிறது, இருபது நிமிடம் பேசலாம் என்றேன்.
“எதுக்கு மூடி?”
சொல்ல ஆரம்பித்தேன்.
காற்றாடியிலிருந்து, பிஸ்கட் வரைக்கும் வந்தபோது
அந்தப் பக்கம் லிஃப்ட் சத்தம்,
பிறகு சிக்னல் இல்லை.

சுபுஹுக்கு முன்னால் லேப்டாப்பில் கூட்டி, கழித்து,
சாம்பலை ஊதியதும் தெரிகிற கங்கு மாதிரி
ஒரு சிவப்பு.
அதன் நடுவே கறுப்பாய்க் குதிரைத் தலை.
கறுப்பா என்று
இப்போது உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அவருக்கு அனுப்பினேன்.
இரண்டு குறியும் நீலமாயின.
எழுதுகிறார்.
நிறுத்துகிறார்.
எழுதுகிறார்.